கதிரவனைத் தேடி மூன்று திங்கள்

பாசையூர்க் கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஒருவன், வெயிலைக் காண்பதற்கென்றே காசு செலவழித்து வேற்று நாடு செல்வான் என்று அந்நாளில் எவரேனும் கூறியிருந்தால், என் தந்தையார் வலையை மணலில் போட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். எங்கள் ஊரில் வெயில் விலைபோகாத பண்டம். நிழலுக்குத்தான் அங்கே மதிப்பு. ஆயினும் 1987ஆம் ஆண்டில் நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க் மாவட்டத்து மீன் பதனிடும் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தபின், அந்தப் பண்டத்தின் விலையை நான் நன்கு அறிந்துகொண்டேன்.

நாங்கள் இப்போது வசிப்பது துறொம்சோ நகரில். வடதுருவ வட்டத்துக்கும் அப்பால் அமைந்த ஊர் அது. நவம்பர் இறுதியில் அடிவானத்தின் கீழே சென்றுவிடும் சூரியன், ஜனவரி நடுப்பகுதிக்குப் பின்னரே மீண்டும் தலைகாட்டும். நண்பகல் வேளையில் இரண்டு மூன்று மணி நேரம் நீலம் கலந்த ஒரு மங்கல் ஒளி பரவும். பின்னர் மீண்டும் இருள். இளமையில் அதனைப் பொறுத்துக்கொண்டோம். வேலை இருந்தது, பிள்ளைகள் இருந்தனர், பொழுது போயிற்று. 2024இல் அறுபத்தேழு வயது நிறைந்து நான் ஓய்வுபெற்றபோது, என் மனைவியின் கைம்மூட்டுகளும் முழங்கால்களும் வாதத்தால் வீங்கியிருந்தன. உறைபனி படிந்த தெருவில் வழுக்கி விழும் அச்சத்தினால் அவள் வாரக்கணக்கில் வெளியே இறங்குவதில்லை. ஒருநாள் சாளரத்தருகே நின்று, "இந்த இருட்டுக்குள்ள இன்னும் எத்தினை மாரி இருக்கப்போறம்?" என்று கேட்டாள். விடை கூற எனக்கு நா எழவில்லை. அன்றிரவே கணக்கு எழுதத் தொடங்கினேன்.

குளிருக்கு அஞ்சித் தெற்கே செல்லுதல் புதிய வழக்கமன்று. ஒருகாலத்தில் அது செல்வர்களின் வழக்கமாக மட்டுமே இருந்தது. பிரான்சின் நீஸ் நகரில் கடலோரமாக நீண்டு கிடக்கும் 'ஆங்கிலேயர் உலாவீதி' பெயர்பெற்றது. 1820-21ஆம் ஆண்டின் கடுங்குளிரில் பிழைப்பிழந்து நகருக்கு வந்த ஏழைகளுக்கு வேலை கொடுக்கவேண்டி, அங்கே குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர்கள் லூயிஸ் வே என்னும் குருவானவரின் முயற்சியால் பணம் திரட்டி அதனை அமைப்பித்தனர். 1859இல் ஜேம்ஸ் ஹென்றி பெனற் என்னும் ஆங்கில மருத்துவர், தம் காசநோயோடு மோந்தோன் என்னும் சிற்றூருக்கு வந்து நலம் பெற்றார். அது பற்றி அவர் எழுதிய நூலைப் படித்தே பல நோயாளர் அவ்வூருக்குப் படையெடுத்தனர் என்பர். வானூர்தி வந்தபின், கம்பிமீனும் சுறாவும் வெட்டிய கைகளையுடைய எம்போன்றோருக்கும் அந்தப் பாதை திறந்தது.

எங்கே செல்வது என்பதே முதற் கேள்வி. கனேரியத் தீவுகள் நினைவுக்கு வந்தன. ஜனவரியிலும் பகலில் இருபது பாகைக்குக் குறையாத வெப்பம் அங்கே கிடைக்கும். ஆனால் அதன் காரணமாகவே குளிர்காலந்தான் அத்தீவுகளின் பெருவிழாக் காலம். வாடகை உச்சத்தில் நிற்கும். ஸ்பெயின் நாட்டுப் பெருநிலத்தின் கிழக்குக் கரையில், அலிக்காந்தே மாகாணத்தில், நிலைமை நேர்மாறு. அங்கே மக்கள் குவிவது ஜூலை, ஆகஸ்டு மாதங்களில். குளிர்காலத்தில் வீடுகள் வெறுமையாகக் கிடக்கும். எங்கள் வீட்டுக்காரி ஆகஸ்டில் இரண்டு வாரத்துக்கு வாங்கும் தொகையைவிடக் குறைவாகவே எங்களிடம் ஒரு மாதத்துக்குப் பெற்றாள். வெப்பம் சற்றுக் குறைவுதான். ஜனவரிப் பகலில் பதினாறு, பதினேழு பாகை. இரவில் ஆறு, ஏழு. யாழ்ப்பாணத்தவர்க்கு அது குளிரே. வடநோர்வேயில் முப்பத்தேழு ஆண்டு வாழ்ந்தவர்க்கு அது வசந்தம்.

இவ்வாறு எண்ணிக்கொண்டு 2025 ஜனவரியில் முதன்முறை புறப்பட்டோம், பட்டும் தெளிந்தோம். அதனை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனெனில் இக்கட்டுரையில் பிறர்க்குப் பயன்படக்கூடிய பகுதி அதுவே.

வாடகை மலிவென்று கண்டு, படத்தை மட்டும் பார்த்து ஒரு வீட்டை எடுத்தோம். படத்தில் வெயில் பளீரென்று அடித்தது. அது ஜூலையில் பிடித்த படம் என்பதை நாங்கள் சிந்திக்கவில்லை. வீடு வடக்கு நோக்கிய கீழ்த்தளம். எதிரே எட்டு மாடிக் கட்டடம். அந்நாட்டு வீடுகள் கோடை வெப்பத்தை வெளியே நிறுத்துவதற்கென்றே கட்டப்பட்டவை. தரை முழுவதும் ஓடு, சாளரங்களில் ஒற்றைக் கண்ணாடி, நோர்வேயில் உள்ளதுபோல் சுவருக்குள் காப்பு அடைப்போ நிலையான வெப்பமூட்டியோ பெரும்பாலும் இல்லை. வெளியே பதினாறு பாகை, உள்ளே பன்னிரண்டு. தெருவில் மேலாடையைக் கழற்றிக் கையில் பிடித்துச் செல்வோம்; வீட்டுக்குள் வந்ததும் அதனை மீண்டும் அணிவோம். மூலைச் சுவர்களில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மூன்றாம் இரவு, இரண்டு கம்பளிகளுக்குள் முடங்கிக்கொண்டு என் மனைவி சொன்னாள்: "குளிருக்குப் பயந்து ஓடிவந்து குளிருக்குள்ளேயே படுத்திருக்கிறம் என்ன?"

இரண்டாம் வாரத்தில் அவளுக்குக் கடும் இருமலும் காய்ச்சலும் கண்டன. பதற்றத்தில் கடற்கரைத் தெருவிலுள்ள ஒரு மருத்துவ நிலையத்துக்கு ஓடினேன். ஆங்கிலத்தில் இனிதாகப் பேசினர். நான் நீட்டிய ஐரோப்பிய நலக்காப்பு அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு விலைப்பட்டியலைக் காட்டினர். அந்த அட்டை அரசு மருத்துவ நிலையங்களில் மட்டுமே செல்லும் என்பதை அன்றுதான் அறிந்தேன். தற்காலிகமாகத் தங்கும் ஒருவருக்கு இன்றியமையாத மருத்துவத்தை அந்நாட்டு மக்கள் பெறும் அதே விதிப்படி அவ்வட்டை பெற்றுத்தரும். தனியார் மருத்துவத்தையோ, நோயாளியைத் தாய்நாட்டுக்குக் கொண்டுசெல்லும் செலவையோ அது ஏற்பதில்லை. அதற்குப் பயணக் காப்புறுதி தனியே வேண்டும். அதுவும் எத்தனை நாள் பயணத்துக்குச் செல்லுபடியாகும் என்பதை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தல் வேண்டும். பல காப்புறுதிகள் குறுகிய பயணங்களை மனத்திற் கொண்டே எழுதப்பட்டவை. அன்று நான் கொடுத்த தொகை ஏறக்குறைய ஒரு மாத வாடகை. அவள் நலம்பெற்றாள், இறைவனுக்கு நன்றி. ஆறு வாரம் இருப்பதாக எண்ணிச் சென்ற நாங்கள் நான்காம் வாரத்திலேயே திரும்பினோம்.

மறுபடியும் போவதில்லை என்பது அவள் முடிவு. என் முடிவும் அதுவே என்றுதான் கூறினேன். ஆனால் கணக்குப் புத்தகத்தை மூடவில்லை.

அந்தக் கோடையில் எங்கள் பகுதியில் வசிக்கும் ஒரு விதவைத் தாயார் வீட்டுக்கு வந்திருந்தார். நாங்கள் அவரை அக்கா என்றே அழைப்போம். ஐம்பத்திரண்டு வயதில் மகனிடம் வந்து சேர்ந்தவர், இப்போது எழுபத்திரண்டு. நோர்வேயில் முழு ஓய்வூதியம் பெற நாற்பது ஆண்டு வதிவு வேண்டும். அவருக்கு இருபதே ஆண்டு. ஆகவே குறைந்த வதிவுக் காலம் உடையோர்க்கு அரசு வழங்கும் துணைக் கொடுப்பனவில் அவர் வாழ்கிறார். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பன்னிரண்டு மாதத்துக்குள் மொத்தமாகத் தொண்ணூறு நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருத்தலாகாது. இருந்தால் கொடுப்பனவு நின்றுவிடும். அவரும் முழங்கால் நோவினால் வருந்துபவர். "நீங்கள் திரும்பப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. வாடகையில பங்கு தாறன்" என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். மூவர் பங்கிட்டால் நல்ல வீடே எடுக்கலாம் என்று என் மனம் உடனே கணக்கிட்டதை, வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறேன்.

இம்முறை திட்டமிடுதல் ஓர் ஆராய்ச்சியாயிற்று. நான் வியந்தது என்னவெனில், எந்தச் சட்டத்தைப் புரட்டினாலும் மூன்று மாதம் என்னும் எல்லை வந்து நின்றது. ஸ்பெயினில் மூன்று மாதத்துக்கு மேல் வசிக்க விரும்பும் ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பின் குடிமக்கள் அங்கே பதிவுசெய்தல் வேண்டும். நோர்வேயில் நாட்பட்ட நோய்க்கு அரசு உதவியுடன் வாங்கும் மருந்தை ஒருமுறையில் மூன்று மாதத்துக்கே கொடுப்பர். நோர்வேக் குடியுரிமை பெறாது இலங்கைக் கடவுச்சீட்டும் வதிவு அனுமதியும் மட்டும் உடைய நம்மவர், ஏனைய செங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாளே தங்கலாம். 2021 தொடக்கம் பிரித்தானியரும் அந்த வரம்புக்குள் அடங்கிவிட்டனர். ஸ்பெயினில் கடற்கரை வீடு வாங்கி அரையாண்டு கழித்துவந்த பிரித்தானிய முதியோர் பலர், இன்று நாட்காட்டியில் கோடு கீறிக்கொண்டிருக்கின்றனர். ஒரு நாட்காட்டியாண்டில் 183 நாளுக்கு மேல் ஸ்பெயினில் இருப்பவரை அந்நாடு தன் வரிதாரராகக் கொள்ளும் என்பதும் நினைவில் இருக்கவேண்டியது; எங்களைப்போன்ற மூன்று மாத விருந்தினர்க்கு அது எட்டாத் தொலைவு.

வீடு தேடும்போது இம்முறை விலையைக் கேட்குமுன் திசையைக் கேட்டேன். டிசம்பர் நடுப்பகலில் அலிக்காந்தேயில் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 28 பாகை உயரத்திலேயே நிற்கிறது. அயலிலுள்ள பெனிடோர்ம் நகரில் 2002இல் திறக்கப்பட்ட பாலி என்னும் தங்கும் விடுதி 186 மீற்றர் உயரமுடையது. அந்த வேளையில் அதன் நிழல் முந்நூறு மீற்றருக்கும் அப்பால் விழும். ஆகவே தெற்கு நோக்கிய மாடம், மேல்தளம், முன்னே உயர்ந்த கட்டடமின்மை என்பன முதன்மையானவை. தெற்குப் பார்த்த வாசல் ஆகாது என்று எங்கள் அம்மாமார் சொல்வார்களே என்று மனைவி நினைவூட்டினாள். அந்தப் பழமொழி அலிக்காந்தேக்குப் பொருந்தாது என்றேன்.

அடுத்தது சூட்டுக்கு வழி. குளிரும் வெப்பமும் தரும் காற்றுச் சீராக்கி உண்டா, மின்கட்டணம் வாடகைக்குள் அடங்குமா, அடங்கினால் எந்த அளவுவரை என்று எழுத்தில் கேட்டுப் பெற்றோம். அது இல்லாத வீடுகளில் செம்மஞ்சள் நிறமுடைய பன்னிரண்டரைக் கிலோ பியூட்டேன் உருளையை உருட்டிவந்து சிறு அடுப்புப்போன்ற கருவியில் பொருத்தி எரிப்பர். அதன் விலையை அரசே வரையறுப்பதால் மலிவுதான். ஆனால் ஈரக்கசிவை அது கூட்டும். சாளரத்தைச் சிறிது திறந்துவைக்காமல் எரித்தால் ஆபத்து. மூட்டு நோவுள்ளோர் அந்த உருளையைத் தூக்கவும் இயலாது. 1994ஆம் ஆண்டின் ஸ்பானிய வாடகைச் சட்டம் பருவகால வாடகையை நிலையான குடியிருப்பு வாடகையிலிருந்து வேறுபடுத்துகிறது. குடியிருப்புக்கு ஒரு மாதமும் பருவகாலத்துக்கு இரு மாதமும் பிணைப்பணமாகக் கொடுத்தல் வேண்டும். அந்தப் பணம் திரும்பி வரும்வரை அது கையிலில்லை என்றே கணக்கில் எழுதினேன்.

விட்டுச்செல்லும் வீட்டையும் மறத்தலாகாது. நீர்க்குழாய் உறைந்து வெடித்தால் மூன்று மாத வெயிலின் மிச்சம் முழுவதும் அதில் கரைந்துவிடும். நீரின் தலைவாயை மூடி, சூட்டைத் தாழ்வாக வைத்து, வாரம் ஒருமுறை எட்டிப்பார்க்க மகனிடம் திறப்பைக் கொடுத்தோம். அங்கே இல்லாவிட்டாலும் நகராட்சிக் கட்டணமும் காப்புறுதியும் தொடரும். சேமிப்பு என்று சொல்லத்தக்கது மின்சாரத்தில் ஒரு பகுதியும், வடநாட்டு மரக்கறி விலையுந்தான். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, எங்கள் இருவர் ஓய்வூதியத்தில் மூன்றிலொரு பங்குக்குள் வாடகை அடங்கினால் மட்டுமே கடனின்றித் திரும்பலாம் என்று தெரிந்தது. அக்காவின் பங்கோடு அடங்கியது.

2025 டிசம்பர் 2ஆம் நாள் ஒஸ்லோ வழியாகச் சென்று இறங்கினோம். அல்பாஸ் டெல் பீ என்பது நாங்கள் தேர்ந்த ஊர். அங்கே நோர்வேயர் மிகுதியாக வாழ்கின்றனர்; நோர்வேப் பள்ளியொன்றும் உண்டு, கடலோரமான அல்பீர் பகுதியில் நோர்வே மாலுமிக் கோவிலும் உண்டு. வெயிலைத் தேடி ஸ்பெயினுக்குச் சென்று நோர்வேயரிடையே போய்க் குடியேறுவதா என்று மகன் சிரித்தான். அவசரத்தில் எந்த மொழியில் உதவி கேட்பது என்பதை முந்தின ஆண்டே நான் கற்றுவிட்டேன்.

அல்பீரிலிருந்து வெளிச்ச வீட்டுக்குச் செல்லும் பாதை ஹெலாடா மலைச்சரிவில் கடலைப் பார்த்தபடி நீள்கிறது. பாதை நன்கு செப்பனிடப்பட்டது. முழங்கால் நோவுள்ளோரும் மெல்ல மெல்ல நடக்கலாம். முதல் நாள் என் மனைவி இருநூறு அடி நடந்து திரும்பினாள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின வாரம் அரைப்பாதை. ஜனவரியில் ஒருநாள் வெளிச்ச வீட்டின் சுவரைத் தொட்டுவிட்டு, அங்கேயே ஒரு கல்லின்மேல் அமர்ந்துவிட்டாள். வெப்பம் வாதநோயை மாற்றாது, நோவைத் தணிக்கும் என்றே எங்கள் மருத்துவர் கூறியிருந்தார். அந்தத் தணிவுக்கு எவ்வளவு விலை தகும் என்று அவளிடமே கேட்கவேண்டும்.

பெனிடோர்ம் பற்றிச் சிறிது கூறாமல் விடுதல் இயலாது. கடலிலிருந்து நோக்கினால் வானளாவிய கட்டடக் காடு. ஆனால் அது என் ஊரைப்போல் ஒரு மீனவர் கிராமமாகவே இருந்தது. சூரை மீனுக்கு நிலைவலை கட்டுவதில் அவ்வூர்த் தலைவர்கள் மத்தியதரைக் கடல் முழுவதும் பெயர்பெற்றவர்கள். 1950களில் அத்தொழில் நொடிந்தபோது, பெத்ரோ சரகோசா என்னும் நகரத் தலைவர் சுற்றுலாவை நாடினார். 1956இல் நகரமைப்புத் திட்டம் ஒன்றை வகுத்தார். கடற்கரை உடை குறித்து எழுந்த சச்சரவில், அவர் சிறு மோட்டார் வண்டியில் தலைநகர் வரை சென்று பிராங்கோவையே கண்டு முறையிட்டார் என்று கதையாகச் சொல்வர். மீனவர் ஊர் அழியாமல் இருக்க அவர் செய்தது சரியா தவறா என்று நானும் பல மாலைகளில் சிந்தித்தேன். என் மனம் விரும்பியது பெனிடோர்மையன்று. குன்றின்மேல் நீலக்கவிமாடக் கோவிலைச் சுமந்து நிற்கும் அல்தேயா என்னும் அயலூரையே. அங்குள்ள துறையில் மாலையில் படகுகள் வந்து சேரும்போது, கணவாயும் நெத்தலியும் நிறைந்த பெட்டிகளின் மணம் என்னைச் சிறுவனாக்கிற்று.

உணவில் நாங்கள் சிக்கனம் பிடித்தது இரு வழிகளில். வாரத்தில் ஆறு நாள் சந்தையில் வாங்கி வீட்டிலேயே சமைத்தோம். யாழ்ப்பாணத்துத் தூளை இரு போத்தல்களில் கொண்டு போயிருந்தோம். ஒருநாள் மட்டும் நண்பகலில் உணவகத்தில் 'அன்றைய உணவு' உண்டோம். முதற்கறி, இரண்டாங்கறி, பழமோ இனிப்போ, அப்பம், பானம் எல்லாம் ஒரே விலைக்குள். அதே உணவகத்தில் மாலையில் போய் அமர்ந்தால் விலை வேறு.

ஜனவரி 5ஆம் நாள் மாலை மூவரசர் பவனி வந்தது. அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு மறுநாளே பரிசு நாள். அரசர்கள் தேரிலிருந்து மிட்டாயை அள்ளி வீச, முதியோரும் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து ஏந்தினர். எழுபத்திரண்டு வயது அக்கா குனிந்து குனிந்து பொறுக்கினார். முழங்கால் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சும்மா இருங்கோ தம்பி, பேரப்பிள்ளையளுக்கு" என்றார்.

ஆனால் அவர் எங்களோடு பெப்ரவரி 27 வரை இருக்கவில்லை. தொண்ணூறு நாளையும் அவர் வெயிலுக்குச் செலவிட விரும்பவில்லை. ஜூன் 13ஆம் நாள் பாசையூர் அந்தோனியார் திருநாள். அவருடைய மூத்த சகோதரி அங்கே படுக்கையில் இருக்கிறார். யாழ்ப்பாணம் சென்றாலும் அது வெளிநாட்டு நாளாகவே எண்ணப்படும். ஆகவே அறுபது நாள் ஸ்பெயினுக்கு, முப்பது நாள் ஊருக்கு என்று புறப்படுமுன்னரே வகுத்து, அலுவலகத்துக்கும் அறிவித்திருந்தார். பயண நாட்களையும் சேர்த்தே எண்ணினோம். குசினிச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒவ்வோர் இரவும் ஒரு கோடு கீறுவார். ஒருநாள் மழை விடாது பெய்தது. வெயிலில்லாத அந்த நாளும் கணக்கில் போகிறதே என்று அவர் வருந்தியதைக் கண்டு நாங்கள் இருவரும் பேசாதிருந்தோம்.

ஜனவரி 30, அறுபதாம் நாள். வானூர்தி நிலையத்துக்குப் பேருந்தில் சென்றோம். மலைச்சரிவுகளில் வாதுமை மரங்கள் அந்த வாரந்தான் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கத் தொடங்கியிருந்தன. இன்னும் இரண்டு வாரம் இருந்தால் முழுவதும் பூத்துவிடும் என்று பக்கத்திலிருந்த நோர்வேய மூதாட்டி சொன்னார். அக்கா சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். பின்னர் கைப்பையிலிருந்து மடித்துவைத்த நாட்காட்டித் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஒருக்கா எண்ணிப் பாருங்கோ தம்பி. முப்பது மிச்சம் இருக்குத்தானே?"

எண்ணினேன்.

"முப்பது இருக்கு அக்கா."